துண்டு வரும்வரை

சண்டிலிப்பாய்
9 ஒக்டோபர் 2023

அன்புள்ள பிள்ளை உதயகலாவுக்கு,

இந்தக் கடிதத்தில் ஐந்து விடயங்கள் இருக்கின்றன. எழுத எழுத வழி தவறிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நான் ஏன் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தேன்.
2. வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது.
3. கம்பங்களை யார் சொல்லி நகர்த்துவது.
4. திட்டம் நடுவில் மாறினால் என்ன செய்வது.
5. காற்று முந்திக்கொண்டால் என்ன செய்வது.

முதலாவது. நான் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக உங்கள் கரையில் கதைக்கிறார்களாம். கோபம் இல்லை. யாகப்பு ஏதோ சொன்னார், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடம் முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சரியாகக் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். என்ன பகிடி என்று விளங்காமல் நான் மட்டும் சும்மா நின்றேன். பிறகு நானும் சிரித்தேன். அதற்குள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிரிப்பின் வெட்கத்தில்தான் வந்துவிட்டேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த காலத்திலேயே கூட்டம் என்றால் நான் கதவோரம் பார்த்துத்தான் இருப்பேன். எழுத்தில் என்றால் ஓரளவு மனிதனாக இருப்பேன். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நீங்கள் சம்மதித்தால், இனி வீட்டிலிருந்தே எழுதி உதவுகிறேன்.

இரண்டாவது. உங்கள் துறையில் நடப்பது சாதாரண வேலை அல்ல. தண்ணீருக்கடியில் கிடக்கும் கற்பாருக்கு நடுவே படகுகள் போய்வரும் வழியை, அதாவது வானை, ஆழமாக்கி, அதன் வாயை மேற்கே திருப்புகிறோம். வரைபடத்தில் மணல் என்று இருக்கும் இடத்தில் தோண்டினால் முருகைக்கல் வருகிறது. கல் என்று நினைத்த இடத்தில் சேறு. நேற்றைய திட்டம் இன்றைக்குச் சரிவராது. இப்படிப்பட்ட வேலையில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் முடியாது. ஆகவே ஜெனிஸ்ரனின் பெக்கோ இயந்திரக் குழு தோண்டட்டும். யாகப்புவின் கரைக் குழு கம்பங்களைப் பார்க்கட்டும். படகுக்காரர் படகைப் பார்க்கட்டும். தன் பங்கு முடிந்ததும் ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். கடலிலிருந்து வருபவன், கரையில் நட்டிருக்கும் முன்கம்பத்தையும் பின்கம்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தால் வானுக்குள் நேராக வருவான். அது தோண்டத் தோண்ட மாறும் வழி. போன மாதம் என்ன நடந்தது? ஜெனிஸ்ரன் கண் மதிப்பில் முன்கம்பத்தை நகர்த்தினான். அது தெரியாமல் யாகப்பு பின்கம்பத்தை நகர்த்தினார். பின்னேரம் இன்னொருவர் வந்து இரண்டையும் திருத்தினார். யாகப்புவின் மகனுடைய படகே பாரில் ஏறி எஞ்சின் விசிறி உடைந்தது. ஆகவே இனித் தோண்டிய அளவுகள் எனக்கு வரவேண்டும். நான் கணக்குப் போட்டு, கையெழுத்திட்ட துண்டு அனுப்புவேன். அந்தத் துண்டு கைக்கு வரும்வரை எவரும் கம்பத்தில் கை வைக்கக்கூடாது. தொலைபேசியில் சொல்வதையும் ஏற்கவேண்டாம். யார் சொன்னது, என்ன சொன்னது என்று பிறகு ஒருவருக்கும் தெரிவதில்லை. எனக்கோ அதில் ஒன்றும் கேட்பதுமில்லை.

துண்டுகளை ஜெயரூபனிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கரையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்கு நாளும் வருகிறவன். என் மனைவி இராசமலர் அவனிடம் விலை பேசுகிற நேரத்துக்குள் நான் பதிலே எழுதிவிடுவேன்.

நான்காவது. திட்டம் மாறும். மாறுவதை ஒளிக்காமல் எழுதுங்கள். நான் மறுபடி வரைவேன். எனக்கு அது அலுக்காது.

ஐந்தாவதை இன்னும் யோசிக்கவேண்டும். வாடைக்காற்றுக்கு நாள் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உங்கள் நலம் விரும்பும்,
பரமலிங்கம்


பருத்தித்துறை
12 ஒக்டோபர் 2023

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். முதலாவது விடயத்தை மட்டும் வாசிக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

யாகப்பு அண்ணை அன்று சொன்ன பகிடி இதுதான்: "ஐயா குளத்து ஆள். தண்ணியே வா எண்டு கும்பிட்டுப் பழகினவர். நாங்கள் தண்ணியே கொஞ்சம் தள்ளிப் போ எண்டு கும்பிடுற ஆக்கள். ரெண்டு நேர்த்தியும் ஒரே நேரத்திலை போனால் மேலை இருக்கிறவர் என்ன செய்வார், பாவம்?" அவ்வளவுதான் ஐயா. நீங்களும் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

மூன்றாவதை வாசித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மகனின் விசிறி உடைந்ததிலிருந்து யாகப்பு அண்ணை தலை நிமிர்வதில்லை. அவர்தான் முதலில் எழும்பினார்.

"உது சரி. ஆனால் எழுத்திலை மட்டும் இருந்தால் காணாது. நாளைக்கு என்ரை கையே சும்மா இராது. சத்தியம் வையுங்கோ."

"ஆருக்கு முன்னாலை? நீங்கள் வேதக்காரர், நாங்கள் சைவம்," என்றான் ஜெனிஸ்ரன், தானும் வேதக்காரன் என்பதை மறந்து.

"கடலுக்கு முன்னாலை வைப்பமடா. அவளுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

கடைசியில் கரையிலுள்ள வைரவர் கோயிலடியில் கற்பூரம் கொளுத்தினோம். நாங்கள் கற்பூரத்தில் அடித்தோம். அவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஐயாவின் துண்டு வரும்வரை கம்பத்தில் கை வைக்க மாட்டோம் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

எனக்கு இதில் ஒரு சுயநலம் உண்டு. என் தம்பி கோகுலனை உங்களுக்குத் தெரியும். நீங்கள் வரையும்போது பென்சில் சீவித் தருகிறேன் என்று சீவிச் சீவி முடித்தவன். டவுனில் போன் கடையில் நின்றவன், இந்த வருடம்தான் தொழிலுக்கு இறங்கியிருக்கிறான். நான்தான் இறங்கச் சொன்னேன். மற்றவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பார் எங்கே என்று சொல்வார்கள். இவனுக்கு அது இன்னும் பிடிபடவில்லை. "அக்கா, எனக்குக் கடல் எல்லாம் ஒரு நிறம்தான். ஐயாவின்ரை கம்பம் ரெண்டும் சரியா நிண்டால் காணும், நான் கண்ணை மூடிக்கொண்டும் வருவன்," என்கிறான். "கண்ணை மூடினால் கம்பம் எப்பிடியடா தெரியும்?" என்று அம்மா கேட்டார்.

ஜெயரூபன் சம்மதித்துவிட்டான். கடிதத்தில் மீன் மணம் வந்தால் என்னைக் குறை சொல்லவேண்டாம்.

ஐந்தாவதை மறக்காமல் எழுதுங்கள்.

பணிவுடன்,
உதயகலா


சண்டிலிப்பாய்
24 ஒக்டோபர் 2023

அன்புள்ள பிள்ளை,

இத்துடன் துண்டு வருகிறது. பின்கம்பம் மட்டும் மேற்கே நகரவேண்டும். அளவும் படமும் துண்டிலேயே உண்டு. நான் ஒருநாளும் என் கணக்கை முதல் தரம் நம்பியதில்லை. இதையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரே விடைதான் வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

சத்தியம் வைத்ததை வாசித்தபோது என்னவோ போல் இருந்தது. நான் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. இராசமலரிடம் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவேண்டும் என்று ஒழுங்கைக்கே கேட்கும்படி சொன்னாள்: "உங்களை நம்பிச் சத்தியம் வைச்சிருக்குதுகள். என்னட்டைக் கேட்டிருந்தால் நான் வைச்சிருக்க மாட்டன்." ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம் இருந்தது. ஓய்வுபெற்றபின் என் கையெழுத்துக்காக எவரும் காத்து நின்றதில்லை.

ஒன்று கவனித்தேன். முதலில் வந்த உங்கள் துண்டுகளில் ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கும். "இங்கே நீரோட்டம் இழுக்குது", "இது சரிவராது போல இருக்கு" என்று யாகப்பு சொல்லி நீங்கள் எழுதியவை. இப்போது அளவுகள் மட்டும் வருகின்றன. துண்டுகள் துப்புரவாக இருக்கின்றன. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. நல்லது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

நலம் விரும்பும்,
பரமலிங்கம்


பருத்தித்துறை
3 நவம்பர் 2023

ஐயாவுக்கு,

துண்டு கிடைத்தது. பின்கம்பத்தை நகர்த்தினோம். படகுகள் எண்ணெய் போட்டதுபோல வழுக்கி வருகின்றன. "ஐயா சண்டிலிப்பாயிலை இருந்துகொண்டு எங்கடை கடலைப் பாக்கிறார்," என்று யாகப்பு அண்ணை போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்கிறார். உங்களைப் பகிடி பண்ணின அதே வாய்.

ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன செவ்வாய் ஜெயரூபனின் மோட்டார் சைக்கிள் உடைந்து, உங்கள் துண்டு ஒருநாள் பிந்தி வந்தது தெரியும்தானே. அன்று முழுவதும் கரையில் எல்லோரும் சும்மா இருந்தார்கள். முன்பு என்றால் என்ன சத்தம்! இவர் ஒன்று சொல்வார், அவர் ஒன்று சொல்வார், ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கிப் பார்ப்பார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாகப்பு அண்ணை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். "என்னண்ணை பாக்கிறியள்?" என்று கேட்டேன். "ஜெயரூபன் வாறானோ எண்டு," என்றார்.

கடல் தொழிலில் அவ்வளவு காலம் இருந்த மனிதர் கடலுக்கு முதுகு காட்டி இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். எனக்குப் பயமாக இருந்தது ஐயா. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

இன்னொன்று. பெக்கோவை நடுமாதத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். அதற்கு முன் புதிய வாயை வெட்டித் திறந்து, அந்தக் கல்லை எல்லாம் போட்டுப் பழைய வாயை அடைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் மணல் ஓடிவந்து இரண்டையும் தூர்த்துவிடும் என்கிறான் ஜெனிஸ்ரன். இருட்டிக்கொண்டு மழை வருகிறது. வாடை இந்த முறை முந்தும் என்கிறார்கள்.

ஐந்தாவது என்ன ஐயா?

உதயகலா


சண்டிலிப்பாய்
7 நவம்பர் 2023

அன்புள்ள பிள்ளை,

ஜெனிஸ்ரன் சொல்வது சரி. ஒழுங்கு இப்படி இருக்கட்டும். அவன் பழைய வாயை அடைத்ததும் புதிய வாயின் அளவுகளைத் துண்டில் தரவேண்டும். துண்டு என்னிடம் வந்ததும் கணக்கு. என் துண்டு உங்களிடம் வந்ததும் கம்பம். இந்த வரிசை மாறவேண்டாம். இது கடைசி நகர்த்தல். இதில் பிழை விட்டால் இவ்வளவு நாள் செய்ததும் வீண்.

ஒருநாள் பிந்தியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பிந்தினால் நட்டம் என்ன? எல்லோரும் காத்திருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவசரப்பட்ட நாளில்தானே விசிறி உடைந்தது.

ஐந்தாவதைப் பற்றி ஒரு மாதமாக யோசிக்கிறேன். பல விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். காற்று எப்படி வரும், எங்கிருந்து வரும் என்று தெரியாதபோது என்ன விதி எழுதுவது? கடைசியில் இவ்வளவுதான் எழுத முடிந்தது: சந்தேகம் வந்தால் எதையும் அசைக்கவேண்டாம். உள்ளபடியே விட்டுவிட்டுத் துண்டு வரும்வரை நில்லுங்கள்.

இராசமலருக்கு வாசித்துக் காட்டினேன். "அது காத்துக்கு எழுதின விதியில்லை, உங்களுக்கு எழுதினது. பயம் வந்தால் நிக்கிறது நீங்கள்தானே," என்றாள். இருக்கலாம். ஆனால் நின்றதால் நான் ஒருநாளும் விழவில்லை.

அடுத்த கிழமை கந்தசஷ்டி தொடங்குகிறது. ஆறு நாளும் நான் விரதம். ஒரு நேரம் பாலும் பழமும் மட்டும். உடம்பு சோர்ந்தாலும் மேசையில்தான் இருப்பேன். துண்டு வந்தால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதியேன். அதைப்பற்றி நீங்கள் கவலைப்படவேண்டாம்.

நலம் விரும்பும்,
பரமலிங்கம்


பருத்தித்துறை
14 நவம்பர் 2023

ஐயா,

அவசரம். ஜெனிஸ்ரன் புதிய வாயைத் திறந்துவிட்டான். காற்று ஏறுகிறது, பெக்கோவை நாளை ஏற்றவேண்டும் என்று இன்று பின்னேரமே கல்லைத் தள்ளிப் பழைய வாயை அடைத்துவிட்டான். "கம்பம் இன்னும் பழைய பக்கமடா!" என்று கத்தினேன். "என்ரை பங்கு முடிஞ்சுது அக்கா, இந்தா துண்டு," என்று அளவுகளை எழுதித் தந்தான். அவனில் பிழை இல்லை. நாங்கள் பிரித்துக்கொண்ட வேலை அப்படித்தான்.

கோகுலனும் அவனோடு படகில் போகிற பெடியனும் மத்தியானமே இறங்கிப் போய்விட்டார்கள். இன்னும் ஆறு படகுகள் வெளியே நிற்கின்றன. அவர்களுக்குப் பழைய வாய் அடைபட்டது தெரியாது. தம்பியின் போனோ மற்றவர்களின் போனோ வேலை செய்யவில்லை. விடியத்தான் திரும்புவார்கள். அதற்கு முன் கம்பம் நகரவேண்டும்.

அளவுகள் இத்துடன். ஜெயரூபன் கையிலேயே கொடுக்கிறேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டான். பதிலை அவனிடமே கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள். காத்திருக்கிறோம்.

உதயகலா


சண்டிலிப்பாய்
15 நவம்பர் 2023, காலை

அன்புள்ள பிள்ளை,

இன்று எழுத விசேடமாக ஒன்றும் இல்லை. விரதம் தொடங்கி இரண்டாம் நாள். இராசமலர் மீன் சட்டிகளை எல்லாம் கழுவி மேலே கவிழ்த்துவிட்டு விடியமுன்னமே கோயிலுக்குப் போய்விட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது. வெளியே நல்ல மழை. ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் இல்லை.

மேசையில் தாளை விரித்து, பென்சில் சீவி வைத்துக்கொண்டு இருக்கிறேன். நேற்றும் துண்டு வரவில்லை, இன்றும் இதுவரை வரவில்லை. ஆகவே பழைய வாய் இன்னும் அடைபடவில்லை, எல்லாம் ஒழுங்கின்படி நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். மழையில் ஜெனிஸ்ரன் வேலையை நிறுத்தியிருப்பான். நல்ல புத்தி.

ஒன்றும் வராமல் இருக்கும்போதுதான் முறை சரியாக வேலை செய்கிறது என்று ஒரு காலத்தில் எங்கள் பெரிய பொறியியலாளர் சொல்வார். நான் அதை நம்பியவன். ஆனால் இன்று ஏனோ ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இரண்டு தரம் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பசியாக இருக்கும்.

ஜெயரூபன் வந்ததும் இதைக் கொடுக்கிறேன்.

பரமலிங்கம்


பருத்தித்துறை
19 நவம்பர் 2023

ஐயாவுக்கு,

இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். பதினாலாம் திகதியுடையதை முதலில் வாசியுங்கள். அது ஜெயரூபனின் சட்டைப் பையிலேயே இருந்தது. கந்தசஷ்டிக்கு உங்கள் பக்கத்தில் ஒருவரும் மீன் வாங்கமாட்டார்கள், ஆகவே அவன் அந்த ஆறு நாளும் நாவாந்துறைப் பக்கம் போய் விற்றிருக்கிறான். "ஐயாவின்ரை பக்கம் போகேக்கை குடுப்பம் எண்டு வைச்சிருந்தன் அக்கா," என்கிறான். அவனை அடிக்கப் போனார்கள். நான் விடவில்லை. நானும் விரதகாரி. எனக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

உங்கள் வீட்டுக்கு மூன்று தரம் போன் அடித்தேன். இரவு ஒரு தரம், பதினைந்தாம் திகதி விடிய இரண்டு தரம். ஒருவரும் எடுக்கவில்லை.

அன்று காலை நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் படகு தெரிந்தது. மழைப் புகார் மூட்டத்துக்குள் முதலில் வந்தது எங்களுடையது. கரையில் எல்லோரும் நின்றோம். நான் பின்கம்பத்தடிக்கு ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். யாகப்பு அண்ணை என் கையைப் பிடித்தார்.

"விடண்ணை, தம்பி வாறான்!"

"தெரியும் பிள்ளை. எனக்கும் கண் இருக்கு. அவிட்டு எங்கை நடப்போறாய்? இடம் சொல்லு."

"மேற்கை எங்கையாவது..."

"எங்கையாவதோ? அண்டைக்கு நானும் எங்கையாவது எண்டுதான் நட்டனான். வெளியிலை இன்னும் ஆறு படகு நிக்குது. ஐயாவின்ரை துண்டு வரட்டும். சத்தியம் வைச்சனாங்கள்."

அவர் என் கையை விடவில்லை ஐயா. அவர் கெட்டவர் இல்லை. எங்கே நடுவது என்று எனக்குத் தெரியாது என்பதும் உண்மை. ஒரு காலத்தில் தெரிந்திருக்கும். தண்ணீரைப் பார்த்து யாராவது ஒருவர் சொல்லியிருப்பார், இன்னொருவர் இல்லை என்று சண்டை பிடித்திருப்பார், ஏதோ ஒரு இடத்தில் நட்டிருப்போம். அன்று ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் ரோட்டைப் பார்த்தார்கள்.

கம்பத்தை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி என் சால்வையை எடுத்து வீசினேன். போ போ என்று கத்தினேன். பிறகு எல்லோரும் வீசினார்கள். கோகுலன் எஞ்சினடியில் எழுந்து நின்று பதிலுக்குக் கை காட்டினான்.

இரண்டு கம்பங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு நேராக வந்தான். அவ்வளவு நேராக அவன் ஒருநாளும் வந்ததில்லை.

கூடப் போன பெடியன் நீந்திக் கரைக்கு வந்தான். கோகுலனை வெள்ளிக்கிழமை மணற்காட்டுக் கரையில் எடுத்தார்கள். நேற்று எல்லாம் முடிந்தது.

மற்ற ஆறு படகுகளும் தப்பின. எங்கள் படகு கல்லில் அடித்ததை இரண்டாவது படகு கண்டது. அது நின்றதை மூன்றாவது கண்டது. ஒருவரை ஒருவர் பார்த்து, திரும்பிப் போய் வேறு துறையில் ஏறினார்கள். அவர்களுக்கு யாரும் துண்டு அனுப்பவில்லை.

கம்பங்கள் இரண்டும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. யாகப்பு அண்ணை தொடவில்லை. நானும் தொடவில்லை. படகுகள் இன்னும் வேறு துறையில்தான் ஏறுகின்றன. அம்மா நாள் முழுவதும் வாசலில் இருந்து அந்த இரண்டு கம்பங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொன்னபடியே எதையும் அசைக்காமல் உள்ளபடியே விட்டிருக்கிறோம்.

துண்டு அனுப்புங்கள் ஐயா.

உதயகலா


சண்டிலிப்பாய்
20 நவம்பர் 2023

பிள்ளை உதயகலாவுக்கு,

இன்று காலை ஜெயரூபன் வந்தான். மீன் பெட்டி இல்லாமல் வந்தான். உறையை என் கையில் தந்துவிட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே போய்விட்டான்.

இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுக்கப்போவதில்லை. நாளை முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பருத்தித்துறை பஸ் எடுத்து நானே கொண்டுவருகிறேன். உங்கள் அம்மாவுக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. வந்தாலும் அவர் சொல்வது எனக்குக் கேட்காது. ஆகவே எழுதிக்கொண்டு வருகிறேன். நீங்கள் வாசலிலேயே வாசித்துவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினாலும் சரி.

இதனுடன் பதினைந்தாம் திகதி நான் எழுதிய ஒரு கடிதமும் இருக்கிறது. கொண்டுபோக ஆள் வராததால் மேசையிலேயே கிடந்தது. கிழிக்கப் போனேன். நீங்கள் வாசிக்கவேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீங்கள் போன் அடித்திருக்கிறீர்கள். இராசமலர் போனை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள். அது என் மேசைக்குப் பின்னால் அலுமாரியின் மேல் இருந்தது. நான் அமைதியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். கோயிலால் வந்து பார்த்துவிட்டு, "ஆரோ இரவும் விடியவும் அடிச்சிருக்கினம்," என்று அவள் சொன்னாள். தொலைபேசி என் பங்கு இல்லை என்று நான் கேட்காமல் விட்டேன்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அவள் குசினியில் போய் நின்றாள். பிறகு வந்து, "சஷ்டிக்கு எங்கடை ஒழுங்கைக்கு மீன்காரன் வரமாட்டான் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள். தெரியும். நினைவு தெரிந்த நாள் முதல் தெரியும். அவள் சட்டி கவிழ்த்ததை என் கண்ணால் கண்டு, அதைக் கடிதத்திலும் எழுதி, அடுத்த வரியில் துண்டு ஏன் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் அருகருகே இருக்கின்றன. நீங்களே பாருங்கள்.

இன்று பகல் முழுவதும் என் முதல் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு ஐந்து விடயங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வேலையைப் பிரித்தது இன்னமும் சரி என்றே படுகிறது. திட்டம் மாறும் என்றது சரி. ஐந்தாவது, இராசமலர் சொன்னதுபோல, விதியே அல்ல. என் சுபாவத்தை எழுதி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவதைத்தான் நெடுநேரம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்த நாளும் பிழைதானே, அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா என்று எனக்குள்ளேயே வாதாடினேன். தாளில் எழுதியும் வாதாடினேன். ஆனால் அந்த நாளில் உடைந்தது ஒரு விசிறி. அன்று கரையில் எல்லோருக்கும் கண் இருந்தது. ஒருவர் பிழை விட்டால் மற்றவர் சண்டைக்கு வந்தார். நான் அந்தச் சண்டையை நிறுத்தினேன். அத்துடன் பார்ப்பதும் நின்றுவிட்டது. யாகப்புவைக் கடலுக்கு முதுகு காட்டி இருக்கவைத்தது நான். நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதியபோது, பிந்தினால் நட்டம் என்ன என்று கேட்டதும் நான்.

துண்டு கேட்டிருந்தீர்கள். ஜெனிஸ்ரன் தந்த அளவுகள் என் முன்னால் இருக்கின்றன. கணக்குப் போடவில்லை. நாளை வரும்போது அளவுகோலும் கொண்டுவரமாட்டேன். கம்பங்களை நீங்களும் யாகப்புவும் கரையில் நிற்கும் மற்றவர்களும் தண்ணீரைப் பார்த்து, சண்டை பிடித்து, சரி என்று கண்ட இடத்தில் நடுங்கள். பிழைத்தால் மறுபடி பிடுங்கி நடுங்கள். என்னைக் கேட்கவேண்டாம். எவரையும் கேட்கவேண்டாம்.

கோகுலன் சீவித் தந்த பென்சில்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றாவது விடயம் பிழை.

பரமலிங்கம்